வேலூர்க் கோட்டை: படைத்தளமாக இருந்த காலமும் அதன் பிறகும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வருபவர்களும், மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும்கூட, திரும்பத் திரும்பச் சில சந்தேகங்களையே கேட்கிறார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலைப் பற்றியும் 1806ஆம் ஆண்டு இங்கே நடந்த சிப்பாய்க் கலகத்தைப் பற்றியும் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. இவை இரண்டையும் இணைக்கும் செய்தி, அதாவது இது பல்லாண்டுகள் ஓர் அந்நியப் படையின் இருப்பிடமாக இருந்தது என்பதுதான், பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அந்தக் குறையை நிரப்பவே இத்தொகுப்பு.

கோட்டையைக் கட்டியது வெள்ளைக்காரர்கள்தானே?

இல்லை. இது 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்ட நாயக்கர்கள் கட்டிய கோட்டை. சின்ன பொம்ம நாயக்கரின் பெயர் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது; சைவப் பேரறிஞரான அப்பைய தீட்சிதரை ஆதரித்தவரும் அவரே. 133 ஏக்கர் பரப்பு, கருங்கல்லால் ஆன இரட்டை மதில், சுற்றிலும் அகழி ஆகியவை எல்லாம் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அமைந்தவை.

அதன் பிறகு இக்கோட்டை பல கை மாறியது. பீஜப்பூர் சுல்தானின் படையிடமிருந்து 1678இல் மராட்டியர் கைப்பற்றினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர் வசமாகி, பின்னர் ஆற்காட்டு நவாப் குடும்பத்தாரிடம் வந்தது. நவாப் சஃப்தர் அலி 1742இல் கொலையுண்டதும் வேலூரில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இங்கே நிலைகொண்டது 1760களில். ஆகவே ஆங்கிலேயர்கள் இக்கோட்டையின் கடைசிக் குடியிருப்பாளர்களே ஒழிய, முதல் குடியிருப்பாளர்கள் அல்லர்.

சென்னையில் ஒரு கோட்டை இருக்கும்போது கம்பெனிக்கு வேலூர் எதற்கு?

மைசூருக்காக. ஹைதர் அலியின் படை மேட்டு நிலத்திலிருந்து கணவாய்கள் வழியாக இறங்கினால், பாலாற்றுச் சமவெளி வழியே ஆற்காட்டுக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வரலாம். அந்த வழியில் நிற்கும் வலுவான கல்கோட்டை வேலூர்தான். 1780ஆம் ஆண்டு தொடங்கிய போரில் ஹைதரின் படை இதை நீண்ட காலம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த படைக்கு உணவு தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, தளபதி சர் அயர் கூட் சென்னைப் பக்கமிருந்து படையோடு வந்து தானியம் சேர்த்தார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் போர்க்களத்தில் மடிந்ததும் இந்தத் தேவை அடியோடு நீங்கிவிட்டது. காவல் காக்க எல்லை இல்லாத எல்லைக்கோட்டையாக வேலூர் நின்றது. அப்போதுதான் கம்பெனி இதற்கு வேறொரு வேலை கொடுத்தது.

திப்புவின் குடும்பம் இங்கே சிறையில் இருந்ததா, விருந்தினராக இருந்ததா?

இரண்டும் கலந்த நிலை. திப்புவின் மகன்கள், மகள்கள், அரண்மனைப் பெண்கள், பணியாளர்கள் என ஒரு பெருங்கூட்டம் கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் வைக்கப்பட்டது. அவர்களுக்குத் தாராளமாக உதவித்தொகை வழங்கப்பட்டது. வெளியேறும் உரிமை மட்டும் இல்லை. திப்பு மகால், ஹைதர் மகால் என்று இன்று வழங்கும் பெயர்கள் அந்தக் குடியிருப்பை நினைவூட்டுபவை.

‘கோட்டை எப்போது வேறு பயன்பாட்டுக்கு மாறியது’ என்று கேட்பவர்கள் 1947ஐ மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். என் கருத்தில், மாற்றம் படை இங்கிருந்தபோதே தொடங்கிவிட்டது. போர்க்கோட்டை அரச குடும்பத்தின் சிறையாக மாறியதே படைத்தளக் காலத்தின் முதல் மறுபயன்பாடு. பின்னால் நடந்த பெருந்துயரத்துக்கு வழிவகுத்ததும் அதுவே. ஏனெனில், தோற்கடிக்கப்பட்ட ஓர் அரசின் வாரிசுகளையும், மனக்குறை கொண்ட சிப்பாய்களையும் ஒரே மதிலுக்குள் கம்பெனியே சேர்த்து வைத்தது.

கண்டி மகால் என்று ஒன்று இருக்கிறதே, இலங்கை ராஜாவுக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்?

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் 1815இல் பதவி நீக்கி, அடுத்த ஆண்டில் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்தனர். அவர் மதுரை நாயக்கர் வழிவந்த மரபைச் சேர்ந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1832 ஜனவரி 30 அன்று இறக்கும் வரை வேலூரிலேயே காவலில் இருந்தார். 1806இல் அத்தனை நடந்த பிறகும் அதே கோட்டையை அதே வேலைக்கு மீண்டும் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்குமிடத்தில் 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் எழுப்பியது. அவர் பயன்படுத்தியதாகக் கூறப்படும் தந்தச் சதுரங்கப் பொருள்கள் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் வெளியே போக முடியாத ஒரு மனிதர் அந்தக் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார் என்ற நினைப்போடு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் சற்று நின்று பாருங்கள்.

சிப்பாய்கள் எல்லோரும் கோட்டைக்குள்ளேயே குடியிருந்தார்களா?

இல்லை, 1806ஐப் புரிந்துகொள்ள மிக முக்கியமான செய்தி இது. அந்த ஆண்டு ஜூலையில் இங்கே இருந்த படை இரண்டு வகையானது. ஒன்று, பிரிட்டிஷ் அரசின் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நான்கு சிறு பிரிவு வெள்ளையர்கள். இவர்கள் கோட்டைக்குள் படைவீடுகளில் தங்கினார்கள். மற்றொன்று, சென்னைக் காலாட்படையின் மூன்று பட்டாலியன்கள், அதாவது ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்கள். இவர்களில் பலர் குடும்பத்தோடு இருந்தவர்கள்; மதிலுக்கு வெளியே குடிசைகளில் வாழ்ந்தவர்கள்.

ஜூலை 10 அதிகாலையில் அணிவகுப்புப் பயிற்சி இருந்ததால், முந்தைய இரவு பெரும்பாலான சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே படுத்துக்கொள்ள நேர்ந்தது. வழக்கமான ஓர் இரவாக இருந்திருந்தால் உள்ளே அவர்களின் எண்ணிக்கை வெகு குறைவாக இருந்திருக்கும். ஒரு பயிற்சி அட்டவணை அந்த இரவின் போக்கை எப்படி மாற்றியது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

கலகத்துக்குக் காரணம் வெறும் தலைப்பாகைதானா?

தலைப்பாகை வெளிப்படையான காரணம். 1805 நவம்பரில் வந்த ஆணை, சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயச் சின்னம் இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைக் குறிப்பிட்ட அளவில் வைக்க வேண்டும் என்றது. பழைய தலைப்பாகைக்குப் பதிலாக, தோலால் ஆன சின்னம் பொருத்திய, ஐரோப்பியத் தொப்பி போன்ற புதிய தலையணி வந்தது. இந்துக்களும் இஸ்லாமியர்களும் ஒருசேர மனம் புண்பட்டார்கள். தங்களைக் கிறித்தவராக மாற்றும் முதல் படி இது என்ற அச்சம் பரவியது.

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த ஒரு பட்டாலியன் இதை அணிய மறுத்தது. முன்னின்றவர்களில் ஓர் இந்துவுக்கும் ஓர் இஸ்லாமியருக்கும் தலா 900 கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. அந்தப் பட்டாலியனை இடம் மாற்றியதோடு விவகாரம் முடிந்தது என்று மேலதிகாரிகள் நம்பினார்கள். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி முன்கூட்டியே தகவல் தந்தபோதும் அவரைப் பித்தர் என்று சொல்லிக் காவலில் வைத்தார்கள். குறைந்த சம்பளம், இந்தியருக்கு உயர்பதவி கிட்டாத நிலை, மைசூர் அரச குடும்பத்தின் அருகாமை ஆகியவையும் சேர்ந்தே இந்தத் தீ மூண்டது. தலைப்பாகையை மட்டும் சொல்லி முடிப்பது, அந்த மனிதர்களின் மான உணர்வை ஓர் உடைப் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறது.

1806 ஜூலை 10 அன்று சரியாக என்ன நடந்தது?

முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் கோட்டைக்குள் நடந்தது. இரவு சுமார் 2 மணிக்குச் சிப்பாய்கள் காவலர்களைத் தாக்கி, வெள்ளையர் உறங்கிக்கொண்டிருந்த படைவீடுகளின் மேல் சுட்டார்கள். படைத்தளத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. திப்புவின் மகன் ஃபத்தே ஹைதர் அரசர் என்று அறிவிக்கப்பட்டார்.

கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆற்காட்டுக் குதிரைப்படைத் தளத்துக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்த படைத்தலைவர் கில்லெஸ்பி ஒரு சிறு குதிரைப்படையோடு உடனே புறப்பட்டார். உயிர் பிழைத்த வெள்ளை வீரர்கள் சிலர் மதிலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பற்றி மதிலேறி அவர்களோடு சேர்ந்தார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்ததும் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. கோட்டை அன்றே மீண்டும் கம்பெனியின் கைக்குப் போனது. நுழைவாயிலைக் காக்கத் தக்க ஏற்பாடு இல்லாததும், சிப்பாய்களில் பலர் கருவூலத்தையும் வீடுகளையும் சூறையாடக் கலைந்துபோனதும் தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறதே.

கம்பெனித் தரப்பில் கணக்கு ஓரளவு தெளிவானது: 14 அதிகாரிகள், 69ஆம் ரெஜிமெண்டின் 115 வீரர்கள். சிப்பாய்கள் தரப்பில் குறைந்தபட்சமாக 350 என்றும், 800 வரை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தரப்பில் ஒவ்வொரு பெயரும் பதிவேட்டில் ஏறியது; மறுதரப்பில் எண்ணிக்கைகூடச் சரியாக எடுக்கப்படவில்லை. கணக்கு வேறுபடுவதற்கு அடிப்படை இதுதான்.

அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 100 சிப்பாய்கள் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். இது விசாரணை எதுவும் இல்லாமல் நடந்தது. பின்னர் விசாரணை நடத்தி, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதைத்தார்கள். ஐந்து பேரைச் சுட்டார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். புதிய தலையணி ஆணை திரும்பப் பெறப்பட்டது. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிராடக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதை முதல் சுதந்திரப் போர் என்று சொல்லலாமா?

1857க்கு 51 ஆண்டுகள் முன்பே, அதே வகையான மனக்குறைகளால், இந்தியச் சிப்பாய்கள் ஒன்றுசேர்ந்து ஆங்கில ஆட்சியை எதிர்த்த பெரும் எழுச்சி இது என்பதில் ஐயமில்லை. ஆனால், இதற்கு முன்பே பாளையக்காரர்களின் போர்கள் நடந்திருக்கின்றன. 1801இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களை மறந்துவிட்டு ‘முதல்’ என்ற பட்டத்தை வேலூருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டம் இல்லாமலே நினைக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி இது.

படை இருந்த காலத்தில் கோயில் என்ன ஆனது?

ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, வழிபாடும் இல்லை. லிங்கத் திருமேனி சத்துவாச்சாரியில் உள்ள கோயிலில் பாதுகாக்கப்பட்டு வந்தது. படை இருந்த காலத்தில் கோயில் வளாகம் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்டது. நுழைந்ததும் இடப்புறம் இருக்கும் கல்யாண மண்டபத்தில், பாயும் குதிரைகளும் யாளிகளும் தாங்கும் தூண்களைப் பார்த்துவிட்டு, விதானத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும்: நடுவில் ஒரு மலர், அதைச் சுற்றி வட்டமாக, கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகள். வெடிமருந்து வாசனைக்கிடையே அவை உடையாமல் தப்பியது நம் பேறு.

1981 மார்ச் 16 அன்று, ஊர் மக்களின் முயற்சியால் லிங்கம் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டது. அன்றிலிருந்து இது வழிபாட்டுக் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும், வழிபாடு நின்றுபோன ஒரு சின்னத்தில் மீண்டும் பூசை தொடங்கியது சட்ட நோக்கில் சிக்கலான செயல்; மக்கள் மனத்தில் அது நெடுநாள் கடனைத் தீர்த்த செயல்.

தேவாலயமும் மசூதியும் அதே காலத்தவையா?

தேவாலயம் மட்டுமே நேரடியாகப் படைத்தளத்தின் பிள்ளை. புனித யோவான் ஆலயம் 1846இல் கோட்டைக்குள் இருந்த படையினரின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. இன்றும் வழிபாடு நடக்கிறது. மசூதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தைய, நவாப் காலக் கட்டடம். அங்கே தொழுகை நடைபெறுவதில்லை. அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை இருந்து வருகிறது. மூன்று சமயத்தாரின் கட்டடங்களும் ஒரே மதிலுக்குள் நிற்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் நிலைமை ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வேலூர் சிறை என்பது இந்தக் கோட்டைதானே?

இல்லை. விடுதலைப் போராட்டத் தலைவர்கள் பலர் அடைபட்டிருந்த வேலூர் மத்தியச் சிறை தொரப்பாடியில் இருக்கிறது. கோட்டையில் காவலில் இருந்தவர்கள் மேலே சொன்ன அரச குடும்பத்தினர்.

படை போன பிறகு கோட்டை யார் கைக்கு வந்தது? இப்போது உள்ளே என்ன இருக்கிறது?

மதிலும் அகழியும் பழஞ்சின்னங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அதே வேளையில், உள்ளே இருந்த கட்டடங்கள் அரசு அலுவலகங்கள், காவலர் பயிற்சி என வெவ்வேறு வேலைகளுக்குப் போயின. 2002இல் தொடங்கப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகம்கூட, சேர்க்காட்டில் தனி வளாகம் அமையும் வரை, கோட்டைக்குள்தான் இயங்கியது. தமிழக அரசின் அருங்காட்சியகமும் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக எண்ணித் திரும்பிவிட வேண்டாம். மாநில அரசின் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வரலாற்றுக் கட்டடங்களை அலுவலகமாக்கியது தவறில்லையா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆளரவம் இருக்கும் கட்டடத்தில் ஓடு உடைந்தால் யாராவது மாற்றுவார்கள். மழை ஒழுகினால் மனு எழுதுவார்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் முதலில் அரசமரக் கன்று முளைக்கும். பிறகு அதன் வேர் சுவரைப் பிளக்கும். அந்த வகையில், அலுவலகமாக இருந்ததாலேயே நின்ற கட்டடங்கள் உண்டு.

இழப்பும் உண்டு. தடுப்புச் சுவர் எழுப்பி, வயர் இழுத்து, சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால், இது படைவீடா, மாளிகையா, கிடங்கா என்பதே தெரியாமல் போகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைத்துச் சுவரை அரிக்கும். பயன்பாட்டை எதிர்ப்பதைவிட, பயன்படுத்துவோர் கட்டடத்தின் இயல்பை அறிந்து பழுதுபார்க்க வேண்டும் என்று கேட்பதே பலன் தரும். இந்தக் கோட்டையில் எந்தக் கட்டடமும் ஒரே வேலையைச் செய்துகொண்டு நின்றதில்லை. கோயில் கிடங்கானதும், மாளிகை சிறையானதும் முன்பே பார்த்தோம்.

அகழியில் முதலை இருந்ததாமே? விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதையும் உண்டாமே?

அகழியில் காவலுக்காக முதலைகள் விடப்பட்டிருந்தன என்பது பழைய குறிப்புகளிலேயே வரும் செய்தி; ஆயிரக்கணக்கில் இருந்தன என்பது வாய்வழியாகப் பெருகியது. சுரங்கப்பாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். தொல்லியல் துறையினர் ஆராய்ந்தும் அப்படி ஒன்று இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. இப்படி ஒரு வழி இருந்திருந்தால், மேலே சொன்ன முற்றுகையின்போது தானியத்துக்காக அத்தனை பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் கோயிலுக்குள் தண்ணீர் வந்ததே, அது எப்படி?

2021 இறுதியில் பெய்த பெருமழையில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள் நீர் புகுந்தது. பக்தர்கள் கணுக்கால் நனைய நடந்தார்கள். அகழிக்கு நீர் வருவதற்கும், மிகுந்த நீர் பாலாற்றுப் பக்கம் வடிவதற்கும் பழைய கால்வாய் ஏற்பாடுகள் இருந்தன. வரும் வழி திறந்திருந்து, போகும் வழி அடைபட்டால், மதிலுக்குள் இருக்கும் தாழ்வான கோயிலுக்குத்தான் முதலில் ஆபத்து. அகழியைத் தூர்வாருவது அழகுக்கான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வடிகாலைச் சீர்செய்யாமல் தூர்வாரினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கோட்டைக்கு அருகில் எங்களுக்குச் சொந்த இடம் இருக்கிறது. வீடு கட்ட ஏன் அனுமதி தர மறுக்கிறார்கள்?

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் கொண்டுவந்த திருத்தம் இதைக் கடுமையாக்கியது. பழுதுபார்ப்பதற்கும், கட்டுப்பாட்டுப் பகுதியில் கட்டுவதற்கும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு இது உண்மையான சுமை. ஆனாலும், இந்த விதி இல்லாவிட்டால் அகழிக்கரை வரை மாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கும்.

படைத்தளம் இருந்ததற்கான அடையாளத்தை இன்று எங்கே பார்க்கலாம்?

உள்ளே, யோவான் ஆலயமும் மதிலின் மேல் உள்ள பீரங்கி மேடைகளும். வெளியே, ஊரின் பெயர்களில்: கன்டோன்மென்ட் ரயில் நிலையமும், இன்று அண்ணா சாலை ஆகிவிட்ட பழைய ஆபீசர்ஸ் லைனும். கலகத்தின் நினைவாக 1998இல் எழுப்பிய தூண், கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் நிற்கிறது. நிகழ்ச்சியின் 200ஆம் ஆண்டான 2006இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

சிப்பாய்களின் குடிசைகள் இருந்த இடம் எதுவும் மிஞ்சவில்லை. மண்ணும் கீற்றும் இருநூறு ஆண்டு நிற்காது. அந்த இரவு அவர்கள் வீட்டுக்குப் போகாமல் உள்ளே தங்கினார்கள் என்பதையும், மறுநாள் வெளியே காத்திருந்த குடும்பங்கள் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டன என்பதையும், மதிலின் மேல் நின்று ஊர்ப்பக்கம் பார்க்கும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும், அது எந்தெந்தக் காலத்தில் எதுவாக இருந்தது என்று தமிழில் எழுதிய பலகை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. மேலே உள்ள கேள்விகளில் பாதி அப்போது எழாது.